தகரத்துக்குள் ஒரு வீடு

1

நான் வேலை பார்க்கும் தெருவின் முனையில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். இடிக்கிறார்கள் என்று சொல்வதும் சரியில்லை. முன்சுவரை மட்டும் அப்படியே நிற்கவைத்து, விழாமல் இருக்க இரும்புத் தூண்களால் முட்டுக்கொடுத்து, பின்னால் இருந்த மொத்தத்தையும் வழித்து எடுத்துவிட்டார்கள். ஜன்னல்கள் இருக்கின்றன. ஜன்னலுக்குப் பின்னால் வானம்தான் இருக்கிறது. உள்ளே புதிதாகக் கான்கிரீட்டில் ஓட்டல் வரப்போகிறதாம். கட்டி முடித்த பிறகு தெருவில் நின்று பார்க்கிறவருக்கு எதுவுமே மாறியிருக்காது.

இங்கிலாந்தில் பாத் என்கிற ஊர் இது. ஒரு கோயிலையோ கோட்டையையோ அல்ல, மொத்த ஊரையுமே உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் நாட்டுச்சர்க்கரை நிறத்தில் ஒரே வகைக் கல். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை பார்க்கிறேன். எங்கள் கடை வாசல் பலகையின் எழுத்து மங்கிப்போய்ப் பல காலம் ஆகிறது. மாற்ற வேண்டுமானால் நகராட்சியில் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறோம், பதில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை என் மகள் ஆதிரையும் என்னோடு வந்திருந்தாள். பதினாறு வயது. எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவாள், கோபம் வந்தால் இன்னும் வேகமான ஆங்கிலத்தில் பேசுவாள். அந்த ஒற்றைச் சுவரை அண்ணாந்து பார்த்தவள், யாரும் கேட்காமலே தமிழில் சொன்னாள்: “மாமா கட்டின ஊடு மாதிரியே இருக்கு.”

வாயைத் திறந்திருந்தால் தெருவிலேயே அழுதிருப்பேன். இந்த வாரம் அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. அவள் சொன்ன அந்த வீடு அப்பாவுக்காக அண்ணன் கட்டியது. அதில் அப்பா ஒரு நாள்கூட இருக்கவில்லை.

2

அப்பா குன்னூர் மார்க்கெட்டில் தகரக் கடை வைத்திருந்தார். கூரைத் தகரம், முகட்டுத் தகரம், ஆணி, வாஷர். அவருடைய அப்பா காலத்தில் அன்னூரிலிருந்து மலையேறி வந்து போட்ட கடை. வருஷத்தில் பாதி மழை பெய்கிற ஊரில் தகரம் விற்கிறவன் பட்டினி கிடக்க மாட்டான் என்று அப்பா சொல்வார்.

குன்னூரைச் சுற்றுலாவாக மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்த ஊர் இனிமேல் எங்கேயும் வளர முடியாது. ஊருக்கு நடுவே ஓடும் மலை ரயில் உலகப் பாரம்பரியச் சின்னம், அதன் ஓரத்தில் கட்டக் கூடாது. ஒரு பக்கம் காடு, அதைத் தொடவே கூடாது. ஒரு பக்கம் ராணுவத்து நிலம். மிச்சமெல்லாம் எஸ்டேட், தேயிலையைப் பிடுங்கிவிட்டு வீடு கட்டக் கூடாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான். இதெல்லாம் இல்லாவிட்டால் மலை என்றைக்கோ மொட்டையாகியிருக்கும். ஆனால் பிள்ளை பெறக் கூடாது, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லையே. கல்யாணமானவனுக்கு ஓர் அறை வேண்டும்.

அதனால் எங்கள் ஊரில் வீட்டை வெளியே கட்ட மாட்டார்கள், உள்ளே கட்டுவார்கள். ஏற்கெனவே இருக்கிற தகரக் கொட்டகையை அப்படியே விட்டுவிடுவது. அதற்கு உள்ளே நான்கு விரல் இடைவெளி விட்டுச் செங்கல் சுவர் எழுப்புவது. மணலை லாரியில் கொண்டுவந்தால் கண்ணில் படும் என்று அரிசிச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவது. கலவை இயந்திரம் சத்தம் போடும் என்று கையாலேயே கலப்பது. ஆபீஸ்களுக்கெல்லாம் தொடர்ந்து லீவு விடுகிற பொங்கல்தான் இதற்குத் தோதான காலம். கீழ்நாட்டில் பொங்கல் என்றால் கரும்பு, எங்கள் மலையில் பொங்கல் என்றால் மண்வெட்டிச் சத்தம். வெளியே துருப்பிடித்த கொட்டகை, உள்ளே டைல்ஸ் போட்ட வீடு. சில வருஷம் போனதும் தகரத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். வீடு அங்கேயே பிறந்தது மாதிரி நிற்கும்.

இந்த வேலைக்குப் புதுத் தகரம் ஆகாது. அது மினுங்கி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எங்கள் கடையில் துருப்பிடித்த பழைய தகரத்துக்குப் புதுசைவிடக் கிராக்கி அதிகம். யாராவது வந்து தயங்கி நின்றால் அப்பா முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “ஏனுங்க, ஊட்டுக்கா, ஊட்டுக்குள்ள ஊட்டுக்கா?” என்று கேட்பார். வந்தவர் சிரித்துவிட்டால் பழைய தகரத்தை எடுத்துப் போடுவார்.

ஊருக்கெல்லாம் தகரம் கொடுத்தவர் தன் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். எனக்கென்று ஒன்று கட்டினால் பெர்மிஷன் வாங்கித்தான் கட்டுவேன் என்பார். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. பெருமையும் தீரவில்லை.

3

எங்கள் வீடு ரயில் பாதைக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. சாலையிலிருந்து செங்குத்தான படியில் இறங்க வேண்டும். கக்கூஸ் அதற்கும் கீழே தனியாக இருக்கிறது. சாலை மட்டத்தில் எங்களுக்கு இருந்தது அப்பாவின் தகர குடோன் மட்டும்தான்.

அம்மா போன பிறகும் அப்பா அந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார். ஒரு மழைநாளில் கக்கூஸுக்கு இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்த டாக்டர், இனிமேல் படி என்கிற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்பா ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்தபடியே குடோனை ஓர் அறையாகவும் அதற்குள் ஒரு கக்கூஸாகவும் மாற்றுவதற்கு மனுப்போடச் சொன்னார். அண்ணன் போட்டார். ரயில் பாதைக்குப் பக்கம் என்பதால் ஓர் இடத்தில் கையெழுத்து வேண்டும், சரிவு என்பதால் இன்னோர் இடத்தில், மண் என்பதால் மற்றோர் இடத்தில். யாரும் முடியாது என்று சொல்லவில்லை, யாரும் லஞ்சமும் கேட்கவில்லை. அங்கே முதலில் வாங்கிவாருங்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். நான் இங்கே விசாவுக்கு அலைந்த காலமும் அதுதான். இரண்டு பேரும் போனில் அவரவர் ஆபீஸ் கவுண்டர் கதையைச் சொல்லிக்கொள்வோம். எனக்கு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.

அந்தப் பொங்கலுக்கு அண்ணன் அப்பாவிடம் சொல்லாமலே குடோனுக்குள் சுவரெழுப்பினார். எல்லோரும் செய்கிற முறையிலேயே செய்தார். சாக்கில் மணல், கையால் கலவை. கக்கூஸ் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி வைக்க வேண்டும், அது எந்த உயரத்தில் இருந்தால் சரி என்று என்னைக் கேட்டார். அங்கே வெளிநாட்டில் இதெல்லாம் சரியாகச் செய்வார்களே, பார்த்துச் சொல் என்றார். இங்கே எங்கள் கண்ணாடிக் கடைக் கழிப்பறையில் வயதானவர்களுக்காக ஒரு கைப்பிடி உண்டு. டேப் வைத்து அதை அளந்து சொன்னேன். மறுநாள் படம் அனுப்பினார். வெள்ளை டைல்ஸ், அட்டை பிரிக்காத வெஸ்டர்ன் கக்கூஸ், பக்கத்தில் பளபளவென்று ஸ்டீல் கைப்பிடி. அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

வெண்டிலேட்டர் தவிர எல்லாம் முடிந்த கடைசி நாளில் வெளித்தகரம் ஒன்று இற்றுப்போய் ஓட்டை தெரிந்தது. கடையில் பழைய தகரம் தீர்ந்திருந்தது. ஒன்றே ஒன்றுதானே என்று அண்ணன் புதுத் தகரத்தை அடித்துவிட்டார்.

பொங்கல் முடிந்ததும் நல்ல வெயில். துருப்பிடித்த கொட்டகையில் அந்த ஒற்றைத் தகரம் மட்டும் பல் விளக்கியது போல மின்னியது. சாலையில் ஜீப்பில் போன அதிகாரிகள் நிறுத்தி இறங்கி எட்டிப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த வாரம் கதவில் பூட்டுப் போட்டுத் துணி சுற்றி அரக்கு வைத்துவிட்டார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள்.

அண்ணனைத் திட்டுவார் என்று பயந்துகொண்டே அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். “தகரக்கடைக்காரன் பையன் புதுத் தகரம் போட்டுச் சிக்கியிருக்கறான் அம்மிணி. வெளிய சொல்லாத, கடைப் பேரு கெட்டுரும்” என்றார். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது.

4

அண்ணன் அதற்கு முன்பே குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிட்டார். குன்னூரில் வாடகைக்கு விட்டிருந்த வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாகச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடமாக மாறிக்கொண்டிருந்தன. ஒரு மாத வாடகையை வார இறுதியிலேயே எடுக்க முடிகிறபோது குடித்தனக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? குன்னூரில் கடை வைத்திருப்பவர், ஆபீஸில் எழுதுகிறவர், ஓட்டலில் சமைப்பவர் எனப் பாதிப் பேர் இப்போது கீழே குடியிருந்து, காலையில் முதல் பஸ்ஸில் மேலே போய் இரவுக்கு இறங்குகிறார்கள். மலையில் கூடாது என்று தடுத்துவைத்த வளர்ச்சியெல்லாம் அடிவாரத்தில் வந்து கொட்டுகிறது. மேட்டுப்பாளையத்திலும் காரமடையிலும் நான் சின்ன வயதில் பார்த்த பாக்குத் தோப்புகளை இப்போது தேட வேண்டும். வீட்டுமனைகளாகச் சைட் போட்டு விற்றுவிட்டார்கள். அந்தத் தோப்புகளைப் பாதுகாக்க எந்தச் சட்டமும் இல்லை.

நானும் அப்படித்தான். பாத் நகரில் வேலை பார்க்கிறேனே தவிர அங்கே குடியிருக்க எங்கள் சம்பளம் பத்தாது. பக்கத்தில் ட்ரோபிரிட்ஜ் என்கிற சாதாரண ஊரில், யாரும் போட்டோ எடுக்காத தெருவில் இருக்கிறோம். காலையில் ரயிலில் போய் மாலையில் திரும்புவேன். குன்னூரைவிட்டு இத்தனை தூரம் வந்தும் அண்ணன் பிழைப்பும் என் பிழைப்பும் ஒன்றாகவே இருக்கின்றன.

அண்ணன் வாடகை வீடு மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குப் பக்கம். அப்பாவை அங்கேதான் வைத்திருந்தார். கூடத்திலேயே கட்டில், பக்கத்திலேயே கக்கூஸ், ஒரு குறையும் கிடையாது. அண்ணி மாதிரி பார்த்துக்கொள்ள என்னால்கூட முடிந்திருக்காது. ஆனால் தினமும் காலையில் மலை ரயில் ஊதிக்கொண்டு புறப்படும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம். சத்தம் கல்லாறு பக்கம் தேய்ந்து போகிறவரைக்கும் காப்பியைத் தொட மாட்டாராம்.

போன வருஷம் மே மாதம் நானும் ஆதிரையும் போனோம். முதல் நாள் சாயங்காலமே ஆதிரை தன் மாமாவிடம் வாதம் செய்தாள். பள்ளியில் மண்சரிவைப் பற்றிப் படித்திருக்கிறாள். எல்லோரும் இப்படிக் கட்டினால் மலை என்ன ஆகும் என்று அரைத் தமிழிலும் முழு ஆங்கிலத்திலும் கேட்டாள். நான் அடக்கப் போனேன், அண்ணன் தடுத்துவிட்டார்.

“நீ சொல்றது நெசந்தான் கண்ணு. மண்ணு எறங்குனா மொதல்ல போறது நம்ம ஊடுதான். ஆனா இருக்கற குடோனுக்குள்ள ஒரு கக்கூஸ் வெச்சா எந்த மலை எறங்கும்?”

ஆதிரை எழுந்து போய்த் தன் அப்பிச்சியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

5

அப்பா எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஒரு தடவை மேலே போய் வீட்டைப் பார்க்க வேண்டும்.

ரயிலில் கூட்டிப்போக ஆசைப்பட்டோம். சீசன் முடியும்வரை டிக்கெட் கிடையாது, எல்லாம் எப்போதோ வெளியூர்க்காரர்கள் எடுத்துவிட்டார்கள். அண்ணன் காரிலேயே கிளம்பினோம். அண்ணன் காரை வாங்கியது கீழே வந்த பிறகு, அதனால் அது மேட்டுப்பாளையம் நம்பர். நீலகிரி நம்பர் வண்டிக்கு மலையேற இ-பாஸ் வேண்டாம், எங்களுக்கு வேண்டும். போனில் பாஸ் எடுக்கும்போது எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு அண்ணன் சுற்றுலா என்று அழுத்தினார். வேறு எதை அழுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. பர்லியார் செக்போஸ்டில் நிறுத்திப் பாஸைப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா மாத்திரை போட வைத்திருந்த தண்ணீர் அது. பிளாஸ்டிக் கூடாதென்று தன் கடையிலேயே போர்டு மாட்டியிருந்தவர், மாத்திரையைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குடோனுக்கு முன்னால் சுற்றுலாக் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. தள்ளி நிறுத்தி, வாக்கரைப் பிடித்து அப்பாவை இறக்கினோம். கீழே வீட்டுக்கு இறங்கும் படிகளை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு குடோன் பக்கம் வந்து தகரத்தைத் தடவினார். அந்தப் புதுத் தகரத்தின் மேல் விரலை மடக்கித் தட்டி, கடையில் வாடிக்கைக்காரருக்குத் தட்டிக் காட்டுகிற மாதிரியே, காது கொடுத்துக் கேட்டார். நல்ல கனம் என்றார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அப்பா அண்ணன் காதில் ஏதோ சொன்னார். ஒன்றுக்குப் போக வேண்டும். அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், அவருக்கென்று கட்டிய கக்கூஸ் இருந்தது. எங்கள் வீட்டில் படி. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் படி. திரும்பக் காரில் ஏற்றிப் பூங்கா வாசலில் இருக்கிற கட்டணக் கழிப்பறைக்குக் கொண்டுபோனோம். சீசன் கூட்டம், நீளமாக வரிசை. ஆதிரை முன்னால் ஓடி, தனக்குத் தெரிந்த தமிழில், எங்க அப்பிச்சி, முடியலை, ப்ளீஸ் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். எல்லோரும் நல்லவர்கள், விலகி வழி விட்டார்கள்.

வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார். “எங்கிருந்துங்க வர்றீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார்.

அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்க் கூரைகளில் பாதிக்குத் தகரம் கொடுத்த மனுஷன் வாக்கரைப் பிடித்தபடி நின்றார். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கீழ இருந்துங்க” என்றார்.

வெளியே வந்த பிறகு ஒரு டீ குடித்தோம். மார்க்கெட்டுக்குப் போய்க் கடையைப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார்.

“வந்தவங்கெல்லாம் பொழுதோட எறங்கீருவாங்க. நாமளும் எறங்கலாம்.”

அன்றைக்கு இரவு ஆதிரை என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு கக்கூஸ்தானே அம்மா, ஒன்றை மட்டும் விட்டிருக்கலாமே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஐப்பசி மழையில் அப்பா போய்விட்டார். அப்போது எங்கள் விசா புதுப்பிப்புக்குக் காத்திருந்தது. நாட்டை விட்டு வெளியே போனால் மனு ரத்தாகிவிடும். அப்பா கடைசியாக மேட்டுப்பாளையத்து வாசலைத் தாண்டியதை நான் போனில்தான் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போகும்போது மலை ரயில் ஊதியது போனிலும் கேட்டது.

6

இன்றைக்குத் திதி. அண்ணன் பவானி ஆற்றங்கரையில் எல்லாம் செய்துவிட்டு, இலை போட்டு நான்கு பேருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அதன் பிறகு பஸ் பிடித்து மேலே போய்க் கடையைத் திறந்திருக்கிறார். இங்கே விடிந்ததும் போன் செய்தார். போன வாரக் காற்றில் குடோனின் அந்தப் புதுத் தகரம் ஆணி கழன்று பாதி தூக்கிக்கொண்டுவிட்டதாம். சீல் வைத்த இடம், நாம் தொடக் கூடாது. இரவெல்லாம் அடித்துக்கொள்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

“உள்சுவத்துல வெண்டிலேட்டர் இன்னும் வெக்காம ஓட்டையாத்தான கெடக்கு. ரோட்டுல நின்னு பாத்தா கைப்புடி தெரியுது புள்ள” என்றார்.

லீவு கேட்டிருந்தேன். திதி என்றால் என்னவென்று மேனேஜருக்கு விளக்கப் போனேன், பிறந்தநாள் மாதிரியா என்று கேட்டார். மாதிரிதான் என்றேன். மாற்று ஆள் இல்லை என்று வருத்தப்பட்டார். வேலைக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் கழிப்பறைக்குப் போனேன். இந்தக் கட்டடம் இருநூறு வருஷத்துக்கு மேல் பழையது. சேர்ந்த புதிதில் முதலாளி அம்மா சுற்றிக் காட்டும்போது, பலகை எழுத்துக்கு இன்னும் பதில் சொல்லாத நகராட்சி, வயதானவர்களுக்குக் கைப்பிடி என்று கேட்டதும் இந்தக் கல்லில் துளை போட உடனே சம்மதித்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார்கள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதவைத் தாழ்போட்டுவிட்டு அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் டேப் வைத்து அளந்தது இதைத்தான். அப்பாவின் கைக்குச் சரியான உயரம் இது. அங்கே இதே உயரத்தில் ஒன்று, யார் கையும் படாமல், மழைச்சாரலில் நனைந்துகொண்டிருக்கிறது. அழுதேன். யாரோ கதவைத் தட்டினார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு வயதானவர் கோலூன்றி நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு வழிவிட்டேன்.

ஐந்தரைக்குக் கடையை மூடினோம். ஒற்றைச் சுவராக நிற்கும் கட்டடத்துக்கு முன்னால் நான்கைந்து பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, இந்த ஊரில் வேலை மட்டும் பார்க்கிற எல்லோரோடும் சேர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்தேன். பொழுதோடு இறங்கிவிட வேண்டும்.